ஏழாம் ரூமில் எத்தனை பேர்?

போன மாதம் என்னை வழியனுப்பியபோது மாலை போட்டீர்கள், மிக்சரும் டீயும் கொடுத்தீர்கள். "அக்கா, புதுசா சேர்ந்திருக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கையும் கையில் திணித்தீர்கள். நான் "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மைக் எனக்கு ஆகாது. அதுவும் போக, நான் சொல்ல வேண்டியது நாலு வார்த்தையில் அடங்காது. அதனால் எழுதித் தருகிறேன். படித்து முடித்ததும் போன் போட்டு "சூப்பர் அக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வந்துவிடும். என் கோபம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் வத்தல் மண்டிக்கு மேலே இருக்கிற நம் ஆபீசில் நான் சேர்ந்தபோது மொத்தம் மூன்று பேர். கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். அந்தத் தும்மலோடுதான் இந்த மாவட்டத்துச் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோய் வைத்தோம். அச்சாபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், எண்ணெய் மில் எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பட்டாசுத் தொழிற்சாலைக்கே பட்டாசு ஆபீஸ் என்றுதான் பெயர். "பொண்ணு ஆபீசுக்குப் போகுது" என்று யாராவது சொன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் போன இடத்திலெல்லாம் என்னை "டீச்சர்" என்றார்கள். பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் பை. இந்தப் பக்கத்தில் அப்படி ஒருத்தி வந்தால் பள்ளிக்கூடத்து டீச்சராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நர்சாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர்காரி என்று ஒருத்தி உண்டு என்பதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு டீச்சராகவே இருந்துவிட்டேன்.

எந்த மெஷினை எங்கே மாட்டுவது, எந்த வயரை எங்கே செருகுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நீங்கள் இப்போது போகிற கம்பெனிகளிலெல்லாம் நம் வருகைப் பதிவில் "இடமாற்றம்" என்று ஒரு பக்கம் வைக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் மழுப்பியிருப்பேன். அது நான் செய்த தப்பிலிருந்து வந்தது.

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸ். பேர் வேண்டாம். இருபது ரூம், எழுபது சொச்சம் ஆட்கள், முக்கால்வாசி பெண்கள். அச்சங்குளத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வேனில் வருவார்கள். ரூம் என்றால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நடுவில் வேப்பமரங்களோடு நிற்கிற சின்னக் கட்டிடங்கள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. ஒன்றில் பற்றினால் அடுத்ததற்குப் போகக் கூடாது, போனாலும் நாலு பேருக்கு மேல் மாட்டக் கூடாது. அதை இவ்வளவு பச்சையாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்குத்தான்.

முதலாளி இளவயதுக்காரர். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் ஸ்கிரீனில் பார்க்க வேண்டும் என்று ஆசை அவருக்கு. ரூம்களை மேற்பார்க்கிற போர்மேன் ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது இளையவர். பத்தாவதுக்கு மேல் படிக்காதவர், ஆனால் பட்டாசு மருந்து விஷயத்தில் முதலாளியையே அதட்டுவார். எல்லாருக்கும் அவர் போர்மேனக்கா. "என் பேர எழுதுனீகன்னா அப்புறம் பேச மாட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கைரேகை மெஷின் வைத்தேன். மூன்றே நாளில் என் மானம் போயிற்று. அலுமினியப் பொடியும் பசையும் படிந்து படிந்து அந்தப் பெண்களின் விரலில் ரேகை பாதி தேய்ந்திருந்தது. மீதிப் பாதியில் வெள்ளி பூசியிருந்தது. மெஷினில் ஒரு பெண் குரல் "மீண்டும் முயற்சிக்கவும், மீண்டும் முயற்சிக்கவும்" என்று கத்திக்கொண்டே இருக்கும். கேட்டில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். "ஏத்தா, இருபது வருசமா இங்கன வாரேன், என்னைய உனக்குத் தெரியலையாக்கும்? உன் கண்ணுலதான் கோளாறு" என்று ஒரு அம்மாள் மெஷினோடு சண்டைக்கே போய்விட்டார். கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

பிறகு கார்டு கொடுத்தேன். கேட்டில் கார்டைக் காட்டினால் பேர் விழும். போர்மேனக்கா காலையில் யாருக்கு எந்த ரூம் என்று சொல்வார், அதை ஏற்றிவிடுவோம். ஆபீசில் ஸ்கிரீனைத் திறந்தால் இருபது கட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று நாலு பேர், பேருக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் "உள்ளே". முதலாளிக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் யாரும் கேட்காத இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, செருப்பு. மருந்து ரூமுக்குள் செருப்போடு போக மாட்டார்கள். ரூம் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். எனக்கு அது கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு வரிசைக்கும் முனையில் ஒரு அலமாரி வைத்து, கார்டு நம்பரையே எழுதி, அங்கே வைக்கச் சொல்லலாம் என்றேன். முதலாளி ஒரே வாரத்தில் அலமாரி அடித்துவிட்டார்.

அன்று போர்மேனக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், செருப்பு வாசல்லயே கெடக்கட்டும். நான் வரிசையில நடந்து வரும்போதே எட்டுச் செருப்பு கெடக்கா, ஆறு கெடக்கா, யாரு செருப்புன்னு பாத்துட்டுத்தான் போவேன். உள்ள எட்டிப் பாத்து வேலையக் கெடுக்க வேண்டாம்ல."

நான் சிரித்தேன். "செருப்பு எண்ணுற காலமாம்மா இது? ஸ்கிரீன்ல பாருங்க, பேரோட இருக்கு" என்றேன். அவர் போய்விட்டார்.

இரண்டாவது காரியம் அதைவிட மோசம். அந்தப் பெண்களுக்குள் கைமாத்து என்று ஒரு வழக்கம் உண்டு. நமக்குக் கைமாத்து என்றால் சின்னக் கடன். அவர்கள் ஆளையே கைமாத்தாக வாங்குவார்கள். ஒருத்திக்கு மருந்து வாடையில் மூச்சு இழுத்தால், பேப்பர் ஒட்டுகிற ரூமிலிருக்கிற இன்னொருத்தி எழுந்து வந்து இவள் இடத்தில் உட்காருவாள், இவள் அங்கே போவாள். இன்னொரு நாள் அவளுக்கு முடியாதபோது இவள் திருப்பிச் செய்வாள். இதையும் போர்மேனக்காதான் சொன்னார். "கைமாத்த எங்கன டீச்சர் ஏத்துறது?" என்று கேட்டார்.

என் ஸ்கிரீனில் அதற்கு இடம் இல்லை. இடம் பண்ண வேண்டுமென்றால் பத்து நாள் வேலை. எனக்குச் சோம்பல். "விதிப்படி அப்படி மாறவே கூடாது. மாறாம இருக்கச் சொல்லுங்க" என்று விதியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதோடு விட்டேனா? "ரூம் மாறினால் ஆப்சென்ட்" என்று ஒரு வரி போட்டால் கூலி போய்விடுமே என்று தானாக நின்றுவிடும் என்று முதலாளிக்கு யோசனை சொன்னேன். அவர் அதைச் சிவப்புப் பெயின்டில் கேட்டில் எழுதிவைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் நான் எழுதிய எத்தனையோ வரிகள் மறந்து போயின. இந்த ஒரு வரி மறக்காது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். தீபாவளி ஆர்டருக்காக வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலாளிக்குப் புதிதாக ஒரு அறிக்கை காட்டுவதற்காக அவர் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். வெளியே "டப்" என்று ஒரு சத்தம். லாரி டயர் வெடித்தது போல இருந்தது. எனக்கு அதுதான் தோன்றியது. முதலாளி அப்படி நினைக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து ஓடினார்.

ஏழாம் ரூமுக்கும் எட்டாம் ரூமுக்கும் நடுவில் மேடையில் மருந்துத் தட்டுகள் காயவைத்திருந்தார்கள். அதில் ஒன்று பற்றியிருக்கிறது. சத்தம் கேட்டதும் எல்லா ரூமிலிருந்தும் பெண்கள் ஓடினார்கள். அப்படி ஓடத்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள், எதையும் எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல். நான் வெளியே வரும்போது ஏழாம் ரூம் வாசலைக் கரும்புகை மூடியிருந்தது. உள்ளே மருந்து செலுத்திய புஸ்வாணங்கள் அடுக்கியிருந்தன. அது எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, வெடிக்கும் என்பது மட்டும் தெரியும். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று. மணல் வாளியோடு நின்றவர்களைக்கூட போர்மேனக்கா கிட்டே விடவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். அழுகையும் கூச்சலும். முதலாளி என் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு ரூம் ரூமாகப் பேர் வாசித்தார். ஏழாம் ரூமுக்கு வந்தார். நாலு பேரில் மூன்று பேர் "இருக்கேன்" என்றார்கள். நாலாவது பேர் பாக்கியம்.

"பாக்கியம்!" என்றார். பதில் இல்லை. "ஏத்தா பாக்கியம்!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். பதில் இல்லை.

பாக்கியத்தின் புருஷன் கருப்பசாமி அங்கேயே லோடுமேன். கேட்டுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் பேரைக் கேட்டதும் குதித்து ஓடி வந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தை என்னால் எழுத முடியாது. நேரே என்னிடம் வந்தார்.

"டீச்சர், கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்கு? எந்த ரூம்ல காட்டுது?"

கேட்டை ஒட்டிய ஆபீஸ் ஜன்னல் வழியே ஸ்கிரீன் தெரிந்தது. பாக்கியம், ரூம் 7, உள்ளே. பச்சை எழுத்து. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் கண் போன இடத்தை அவர் பார்த்துவிட்டார். "உள்ளயா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஏழாம் ரூமைப் பார்க்கத் திரும்பினார். இரண்டு லோடுமேன்கள் பாய்ந்து பிடித்தார்கள். "விடுங்கலே! எம் பொண்டாட்டி உள்ள கெடக்கா, விடுங்கலே!" மூட்டை தூக்குகிற உடம்பு. ரொம்ப நேரம் பிடித்து வைக்க முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த "உள்ளே"க்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். காலை எட்டு மணிக்குப் பாக்கியம் கேட்டில் கார்டைக் காட்டினாள், போர்மேனக்கா ஏழு என்றார், நான் வைத்த பெட்டி அதை எழுதிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரமாக அதற்கு ஒன்றுமே தெரியாது. கைமாத்து ஞாபகம் வந்தது. பாக்கியம் மாறிப் போயிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டுமென்றால், முதலாளி முன்னால், கூடி நின்ற அத்தனை பேர் முன்னால், நான் பெருமையடித்த சாமான் இந்த நேரத்துக்கு உதவாது என்று என் வாயால் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். வெட்கம், வேறொன்றும் இல்லை. ஒரு மனுஷன் சாகப் போகிறான், எனக்கு வெட்கம்! நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கருப்பசாமி பிடியை உதறிவிட்டார். நான் ஓடிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது! காலைல எழுதுனதுதான் அதுல இருக்கு. இப்ப அவ எங்க இருக்கான்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பண்ண தப்பு அது. என் தப்பு!"

அவர் நின்றார். என்னையே பார்த்தார். கூட்டமும் ஒரு கணம் அடங்கிவிட்டது. அந்த ஒரு கணம் போர்மேனக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

"எல்லாரும் கேளுங்க!" என்றார். "லிஸ்டு கெடக்கட்டும். ஏழாம் ரூமுக்குள்ள இருந்து ஓடியாந்தவுக மட்டும் கையத் தூக்குங்க. ஆப்சென்ட் கீப்சென்ட் ஒண்ணும் கெடையாது. யாரும் யாரையும் ஏச மாட்டாக. நான் பொறுப்பு. விரசாத் தூக்குங்கத்தா!"

மூன்று கை உடனே உயர்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. போர்மேனக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கூட்டத்தின் பின்னால், மரத்தோடு ஒட்டி நின்ற ஒரு பெண் கையைப் பாதி தூக்கினாள். ஜெயராணி. லிஸ்டில் அவளுக்குப் பதினொன்றாம் ரூம்.

"நான்தான்க்கா" என்று தேம்பினாள். "பாக்கியத்துக்கு இழுப்பு வந்திருச்சு. நான் அவ எடத்துல வந்து உக்காந்தேன். அவ என் எடத்துக்குப் போயிட்டா, பதினொண்ணுக்கு."

"நாலு" என்றார் போர்மேனக்கா. "நாலு பேரும் வந்தாச்சு. ஏழுல ஆள் இல்ல. கருப்பசாமி, கேட்டுக்கோ, ஏழுல ஒரு உசுரும் இல்ல!"

பதினொன்றாம் ரூம் பின்வரிசை. அங்கே இருந்தவர்கள் கேட்டுப் பக்கம் வர மாட்டார்கள், பின்னால் இருக்கிற சின்னக் கதவு வழியாகச் சோளக்காட்டுக்குள் ஓடுவார்கள். போர்மேனக்கா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழாம் ரூம் வெடித்தது. கூரை தனியாக எழும்பிக் கீழே விழுந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கருப்பசாமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கால் மணி நேரம் கழித்துச் சோளக்காட்டு வரப்பில் பின்வரிசைப் பெண்கள் வந்தார்கள். நடுவில் பாக்கியம், இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. கருப்பசாமி ஓடிப் போய் அவள் முன்னால் நின்று "எங்கன போய்த் தொலைஞ்ச நீ! எங்கன போய்த் தொலைஞ்ச!" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு போன் பேசுவது போல நின்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓடும்போது விழுந்த சிராய்ப்புகள் தவிர. எல்லாத் தடவையும் இப்படி முடிவதில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் ஜெயராணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பாக்கியம், பாக்கியம்னு அம்புட்டுப் பேரும் கத்துறப்ப நீ ஏம்மா வாயத் திறக்கல?" என்று கேட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பயந்துட்டேன் டீச்சர். சொல்லணும்னுதான் இருந்துச்சு, வாய் வரல. கூட இருந்த மூணு பேரும் என்னையக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு இருந்துட்டாக. ரூம் மாறுனா ஆப்சென்ட் போட்ருவீகள்ல?"

அந்தச் சிவப்பு வரிக்குப் பெயின்ட் அடித்தவர் வேறொருவர். வாக்கியம் என்னுடையது. ஒரு நல்ல காரியத்துக்காக எழுந்து போன பெண், உயிர் போகிற நேரத்தில் உண்மையைச் சொல்லப் பயந்து மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. நான் வருவதற்கு முன்னால் அந்த ஆபீசில் அந்தப் பயம் கிடையாது. கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் நான்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அதிகாரிகள் வந்தார்கள், விசாரித்தார்கள், ஆபீஸ் சில நாள் மூடிக் கிடந்தது. இந்த வேலையே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர், "எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிருவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "நீங்க சொன்னா கழட்டிடுறேன்" என்றேன். "வேண்டாம். சரி பண்ணுங்க" என்றார். எனக்கு அந்தப் பையன் மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

சரி பண்ண உட்கார்ந்தபோது ஸ்கிரீனைத் திறக்கவில்லை. போர்மேனக்காவோடும் பத்துப் பெண்களோடும் அதே மரத்தடியில் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். முன்னமே செய்திருக்க வேண்டியது. காலையில் வேனிலிருந்து இறங்கினது முதல் சாயங்காலம் ஏறுகிறது வரைக்கும் யார் எங்கே போவார்கள், ஏன் போவார்கள், ஆபத்து என்றால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். "இதெல்லாமா டீச்சர் எழுதுவீக?" என்று சிரித்தார்கள். எல்லாவற்றையும் எழுதினேன்.

செருப்புகள் ரூம் வாசலுக்கே திரும்பிப் போயின. கார்டையும் கேட்டில் காட்டியதோடு விடாமல், உட்காருகிற ரூமின் வாசலில் ஒரு கொக்கியில் மாட்டச் சொன்னோம். மாறிப் போனால் கார்டும் கூடப் போகும். கைமாத்து வெளிப்படையாகவே நடக்கலாம், போர்மேனக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார், எங்கிருந்து எங்கே, என்ன காரணம் என்று ஏற்றிக்கொள்ள ஒரு பக்கம் செய்தேன். அதுதான் நம் "இடமாற்றம்". பத்து நாள் வேலை என்று சோம்பல்பட்டேனே, ஆறு நாளில் முடிந்தது. கேட்டில் இருந்த சிவப்பு வரியை நானே தூரிகை வாங்கி வெள்ளையடித்தேன். சேலையெல்லாம் சுண்ணாம்பு. "டீச்சர் பெயின்டரும் ஆயிட்டாக" என்று கேலி செய்தார்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றபோது போர்மேனக்கா ஜெயராணியைக் கை காட்டினார். பன்னிரண்டாவது படித்தவள், பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் என்னைவிட வேகமாகத் தட்டினாள். பின்கதவு வழியாக வெளியே போகிறவர்களை அங்கேயே தலை எண்ணிச் சொல்லியனுப்ப ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அவள் யோசனை. எனக்கோ முதலாளிக்கோ அது தோன்றவில்லை.

நாலைந்து மாதத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஜெயராணி ஏற்றியதையெல்லாம் ரூம்வாரியாகப் பிரித்து முதலாளிக்குப் படமாகக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏழுக்குப் பதிலாக் கட்டுன புது ரூம்லயும், எட்டாம் ரூம்லயும் மட்டும் இம்புட்டுப் பேருக்கு மூச்சு முட்டுதா?" என்று கேட்டார். ஆமாம். மற்ற ரூம்களில் எப்போதாவது ஒரு கைமாத்து. அந்த இரண்டில் வாரத்துக்கு ஐந்தாறு. காரணம் எல்லாம் இழுப்பு, தலைசுற்றல், கண்ணெரிச்சல். இத்தனை வருஷமாக அந்தப் பெண்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றிச் சமாளித்துக்கொண்டதால் யார் கண்ணுக்கும் அது படவில்லை. அந்த இரண்டு ரூமுக்கும் காற்றே வராமல் குடோன் சுவர் மறைத்துக்கொண்டிருந்தது. முதலாளி அந்தச் சுவரை இடித்தார். இழுப்பு உள்ளவர்களுக்கு நிரந்தரமாகப் பேப்பர் வேலை கொடுத்தார். அடுத்த மாதப் படத்தில் அந்த இரண்டு ரூமும் மற்ற ரூம்கள் மாதிரி ஆகிவிட்டன. கம்ப்யூட்டர் வந்ததால் ஒரு சின்னக் கம்பெனிக்கு என்ன லாபம் என்று யாராவது உங்களிடம் கேட்டால், பாக்கியம் இப்போது மாத்திரை இல்லாமல் தூங்குகிறாள் என்று சொல்லுங்கள்.

பிறகு பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலில் மரத்தடியில் உட்கார்ந்தேன். நீங்களும் உட்காருங்கள். வெயில் அடிக்கும், டீ ஆறிப் போகும், பேச்சு எங்கெங்கோ போகும். பரவாயில்லை. அவர்கள் எதைச் சொல்ல வெட்கப்படுகிறார்களோ, எதைச் சொல்லிவிட்டு "அது ஒண்ணுமில்ல" என்கிறார்களோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடுகிற ஒரு வரியால் யாராவது எதையாவது மறைக்க வேண்டி வருமா என்று இரண்டு தடவை யோசியுங்கள்.

வேலையிலிருந்து நிற்பதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிக்கொள்வதற்காக அந்த ஆபீசுக்குப் போனேன். சீசன் லோடு போய்க்கொண்டிருந்தது. கருப்பசாமி லாரியிலிருந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"போறீகளாமே டீச்சர். பாக்கியம் உங்களக் கண்டிப்பா வீட்டுக்குக் கூட்டியாரச் சொல்லுச்சு."

"வாரேன்பா."

அவர் போகவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். "ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். அன்னைக்கு நீங்க 'பாக்கியம் உள்ள இல்ல'ன்னு சொல்லியிருந்தீகன்னா நான் நின்னிருக்க மாட்டேன். என்னைய அமத்துறதுக்குச் சொல்றாகன்னு உங்களத் தள்ளிட்டு ஓடியிருப்பேன். 'எனக்குத் தெரியாது, என் தப்பு'ன்னு சொன்னீக பாருங்க, அதுல கால் நின்னுருச்சு. இம்புட்டுப் படிச்சவுக அம்புட்டுப் பேர் முன்னாடி அதப் பொய்யாச் சொல்லுவாகளான்னு தோணுச்சு."

ஏதாவது பதில் சொல்ல வேண்டுமே என்று, "சரி சரி, லோடு லேட்டாகுது, போய் வேலையப் பாருங்க" என்று அதட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போய் அடுத்த பெட்டியைத் தூக்கினார்.